போர்டு கேம் கன்வென்ஷனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: நிகழ்ச்சிப் பட்டியல் முதல் ஃபைனல் மேசை வரை

கேரம், செஸ், தாயம் என்று வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஆடி வளர்ந்தவர்கள் நாம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டது சென்னையில்தான். 2013-ல் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதியதும் இங்கேதான். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்துக்கே வந்தது. அப்படியிருந்தும் ‘டேபிள்டாப் கன்வென்ஷன்’, அதாவது மேசை ஆட்டக்காரர்கள் கூடி ஆடும் கூட்டம், என்று ஒரு போஸ்டரைப் பார்த்தால் பலருக்குத் தயக்கம். அந்த ஆட்டமெல்லாம் எனக்குத் தெரியாதே, டோர்னமெண்ட் என்றால் கில்லாடிகள்தானே வருவார்கள் என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இரண்டும் வீண் பயம். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு பாதி ஆட்டங்கள் தெரியாது. டோர்னமெண்டுகளோ தோற்றவர்களையும் கடைசிவரை ஆட வைக்கும்படியே பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன. புதியவர்கள் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். ஒரே நேரத்தில் பத்து மேசைகளில் பத்து நிகழ்ச்சிகள் நடக்கும். எதில் உட்காருவது, எதை விடுவது என்று தெரியாமல் அலைந்தே நாள் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டி ஆட்ட உத்திகளைப் பற்றி அதிகம் பேசாது.

உள்ளே என்னதான் நடக்கும்?

இந்த வகைக் கூட்டங்களில் பழையது அமெரிக்காவின் ஜென் கான். 1968-ல் விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் ஒரு அரங்கில் தொடங்கியது, இப்போது இண்டியானாபொலிஸில் நடக்கிறது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் கண்காட்சி 1983-ல் தொடங்கியது. நம் ஊரில் நடப்பவை அந்த அளவு பெரியவை அல்ல. ஒரு ஹோட்டல் ஹாலிலோ, கல்லூரி அரங்கிலோ, போர்டு கேம் கஃபேயின் மாடியிலோ நடக்கும். சில சமயம் சென்னை வர்த்தக மையத்தில் நடக்கும் பெரிய விழா ஒன்றுக்குள் ஒரு மூலையாக இருக்கும். அளவு எதுவானாலும் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

வாசலுக்குப் பக்கத்தில் டெமோ மேசைகள் இருக்கும். ஆட்டம் தெரிந்த ஒருவர் நின்று சொல்லித் தருவார். ஒரு பக்கம் கேம் லைப்ரரி. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துப்போய்க் காலி மேசையில் ஆடலாம். நேரம் குறித்த டோர்னமெண்டுகளுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் ரோல்ப்ளே ஆட்டங்கள் முடிந்தவரை சத்தம் குறைந்த மூலையில். மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் மேசை, பழைய ஆட்டங்களை விற்கிற, மாற்றிக்கொள்கிற மேசை ஆகியவையும் இருக்கலாம்.

முதல் படி: பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள்

பட்டியல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிடும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எதிரே நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை இருக்கை, எப்போது தொடங்கி எப்போது முடியும், விதி சொல்லித் தருவார்களா, தனிக் கட்டணம் உண்டா. நுழைவுச் சீட்டு வாங்கியதாலேயே எல்லா நிகழ்ச்சியிலும் உட்கார்ந்துவிட முடியாது. டோர்னமெண்டுகளுக்குத் தனிப் பதிவு வைப்பதே வழக்கம்.

‘விதி தெரிந்தவர்களுக்கு’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் மெட்ரோவில் ஒரு வீடியோ பார்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ‘கற்றுத்தரப்படும்’ என்று இருந்தால் தயங்காமல் பெயர் கொடுக்கலாம்.

நேரக் கணக்கைத்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். பெட்டியின் மேல் 60 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால், புதியவர்கள் இருக்கிற மேசைக்கு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஆடும் ஒரு ஆட்டத்தில் மூன்று ரவுண்டு என்றால் ஆட்டத்துக்கே நாலரை மணி நேரம். இடையில் மதிப்பெண் கூட்டவும், அடுத்த மேசை ஒதுக்கவும், சாப்பிடவும் நேரம் வேண்டும். காலை 10 மணிக்குத் தொடங்கினால் மாலை 4 ஆகிவிடும். இதைப் பார்க்காமல் 2 மணிக்கு இன்னொன்றுக்கும் பெயர் கொடுக்கிறவர்கள் அங்கே ஒரு காலியான நாற்காலியை விட்டுவைக்கிறார்கள். நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் காத்திருப்பது மற்ற மூன்று பேர். இருக்கைக்குப் பெயர் கொடுப்பது அந்த மூவருக்குச் சொன்ன வார்த்தை. வர முடியாவிட்டால் ஒரு மெசேஜ் போட்டு விடுவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு இடம் கிடைக்கும்.

என் யோசனை: முதல் நாளுக்கு ஒரு டோர்னமெண்ட், ஒரு டெமோ. மற்ற நேரத்தைக் காலியாக விடுங்கள். காலை முதல் இரவு வரை வரிசையாகப் பதிவு செய்துவைத்தவர்களை மாலை 5 மணிக்குப் பார்க்க வேண்டும், பகடையைக் கண்டாலே எரிச்சலாக இருப்பார்கள்.

ஆசைப்பட்ட நிகழ்ச்சியில் இடம் நிரம்பிவிட்டதா? தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று, “ஆள் குறையுதா அண்ணா?” என்று கேளுங்கள். ஜென் கானில் இதற்கென்றே பெயரிடாத பொதுச் சீட்டுகள் விற்கிறார்கள். வராதவர் இடத்தில் அதைக் கொடுத்துவிட்டு உட்காரலாம். நம் ஊரில் கேட்டாலே போதும்.

இரண்டாவது: கையில் என்ன எடுத்துப்போவது

தண்ணீர் பாட்டில், பேனா, ஒரு ஸ்வெட்டர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏசி காற்று நேராகத் தலையில் விழும் இருக்கை உங்களுக்கே வாய்க்கும். ஹாலுக்குள் நெட்வொர்க் சொதப்பினால் ஜிபே வேலை செய்யாது, கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றால் சொந்த கேம் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப்போங்கள்.

கார்டு ஆட்டக்காரர்கள் கார்டுகளுக்கு ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போடாமல் வரக் கூடாது. இந்த ஊர் ஈரக் காற்றில் பளபளக்கும் ஃபாயில் கார்டுகள் வளைந்துவிடும். மேஜிக், போக்கிமான் என்ற இரண்டு கார்டு ஆட்டங்களின் கார்டு அளவு ஏறக்குறைய 63-க்கு 88 மில்லிமீட்டர், அந்த அளவு ஸ்லீவ் கேட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே பாக்கெட்டிலிருந்து இருக்கட்டும். கிழிந்த ஸ்லீவோ வளைந்த கார்டோ இருந்தால் பின்பக்கம் பார்த்தே எந்த கார்டு என்று சொல்லிவிடலாம். நீங்கள் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ஜட்ஜ் அதற்குத் தண்டனை தரலாம்.

போக்கிமானின் அதிகாரபூர்வ போட்டி என்றால் பிளேயர் ஐடி வேண்டும். மேஜிக்குக்கு கம்பேனியன் ஆப் கேட்பார்கள். இரண்டையும் முந்தைய நாளே வீட்டில் செய்துவைத்துவிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒரே விதி: பஜ்ஜி தின்ற கையோடு மேசைக்கு வராதீர்கள். முறுக்கும் சிப்ஸும் அதே கணக்குதான். கார்டில் படிந்த எண்ணெய் போகவே போகாது.

மூன்றாவது: டெமோவில் கொஞ்சம் சூடேற்றிக்கொள்ளுங்கள்

சென்றவுடன் டோர்னமெண்டுக்கு ஓடாமல் அரை மணி நேர ஆட்டம் ஒன்றில் உட்காருங்கள். அசூல், ஸ்ப்லெண்டர், கார்க்கசான் மூன்றும் இதற்கு ஏற்றவை. விதி ஐந்து, பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். டெமோ நடத்துபவர் சொல்லி முடித்ததும் முதல் கேள்வியாக, “இதுல ஜெயிக்கிறது எப்படி, ஆட்டம் எப்போ முடியும்?” என்று கேளுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் மீதி விதிகள் தாமாகவே இடத்தில் உட்காரும்.

பாண்டெமிக் மாதிரி எல்லோரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டமும் புதியவருக்கு நல்லதுதான். ஒரே சிக்கல், விவரம் தெரிந்த ஒருவர் எல்லோருடைய முறையையும் தானே ஆடிவிடுவார். அப்போது, “இந்தத் தடவை நானே யோசிச்சுப் பாக்குறேன் ப்ரோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவது: டோர்னமெண்ட்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் முறை என்ன என்று பாருங்கள். நாக்-அவுட் என்றால் தோற்றால் வெளியே. ஆனால் இருவர் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலும் ஸ்விஸ் முறைதான் இருக்கும். 1895-ல் சூரிச் நகரத்தில் ஒரு செஸ் போட்டியில் முதலில் பயன்பட்ட முறை அது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு ரவுண்டிலும் உங்களைப் போலவே மதிப்பெண் எடுத்தவர் உங்களுக்கு எதிரில் வருவார். முதல் ரவுண்டில் தோற்றால் அடுத்து வருபவரும் முதல் ரவுண்டில் தோற்றவர்தான். அதனால் புதியவருக்கு இரண்டாவது, மூன்றாவது ரவுண்டில்தான் ஆட்டம் களைகட்டும். முதல் தோல்வியோடு கிளம்பிவிடாதீர்கள். 8 பேர் என்றால் 3 ரவுண்டு, 16 பேருக்கு 4, 32 பேருக்கு 5 என்று கணக்கு வைத்துக்கொண்டால் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்துவிடும். ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு ‘பை’ கிடைக்கும். அந்த ரவுண்டில் ஆடாமலேயே வெற்றி. போய் டீ குடிக்கலாம்.

நடுவில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால் மதிப்பெண் மேசையில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அடுத்த ரவுண்டில் ஒருவர் உங்கள் பெயருக்கு எதிரே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேஜிக்கில் வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஒரு ரவுண்டு 50 நிமிடம். நேரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தால் நடக்கும் டர்னை முடித்து, இன்னும் ஐந்து டர்ன் ஆடலாம். டிராஃப்ட் வகையில் ஆளுக்குப் பிரிக்காத மூன்று கார்டு பாக்கெட் தருவார்கள். ஒரு கார்டு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தவரிடம் நகர்த்த வேண்டும். முதல் பாக்கெட் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். சேர்ந்ததை வைத்து 40 கார்டு டெக், அதாவது ஆடுவதற்கான கார்டுக் கட்டு, கட்ட வேண்டும். சொந்தமாக டெக் இல்லாதவருக்கு இதுதான் நல்ல நுழைவாயில். கட்டணம் கூடுதலாகத் தெரியும். ஆனால் எடுத்த கார்டுகள் வழக்கமாக உங்களுக்கே.

நான்கு பேர் ஆட்டங்களில் கணக்கு வேறு. கோதுமை மாதிரி வளக் கார்டுகளைச் சேர்த்து ஊரும் சாலையும் கட்டும் காட்டானை எடுத்துக்கொள்வோம். 10 புள்ளி எடுத்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான் என்று வீட்டில் முடித்துவிடுவோம். டோர்னமெண்டில் பொதுவாக மூன்று தொடக்க ரவுண்டு வெவ்வேறு ஆட்களோடு நடக்கும். பிறகு முன்னணியில் இருப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். வரிசைப்படுத்தும்போது முதலில் வெற்றிகளின் எண்ணிக்கை பார்ப்பார்கள். அது சமமாக இருந்தால் மொத்தப் புள்ளி. ஒரு மேசையில் ஜெயிக்க வழியே இல்லை என்று தெரிந்த பிறகும் ஆறை எட்டாக்குவதற்கு அர்த்தம் உண்டு. ஒரு ஊரை நகரமாக்கினால் ஒன்று கூடும். மிக நீளமான சாலையைப் பிடித்தால் இரண்டு. தோற்ற மேசையில் சேர்த்த இந்தச் சில்லறைப் புள்ளிகளால் அரையிறுதிக்குப் போகிறவர்கள் உண்டு. சலித்துப்போய்க் கையிலிருக்கும் கார்டுகளை ஒருவருக்கு அள்ளிக் கொடுத்து அவரை ஜெயிக்கவைப்பது மற்ற இருவருக்குச் செய்யும் அநியாயம்.

கணவன் மனைவி, அண்ணன் தம்பி என்று சேர்ந்து வருகிறவர்கள் முதல் ரவுண்டில் தங்களை வெவ்வேறு மேசையில் போடச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. நீங்கள் எவ்வளவு நேர்மையாக ஆடினாலும், “அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் கோதுமை போகுது!” என்று ஒரு குரல் வரத்தான் செய்யும்.

அடுத்து வீட்டு விதி. சண்டைகளில் முக்கால்வாசி இதனால்தான். யூனோவில் ‘பிளஸ் டூ’ மேல் இன்னொரு ‘பிளஸ் டூ’ போட்டு அடுத்தவர் தலையில் கட்டுவது நமக்கெல்லாம் பழக்கம். பெட்டிக்குள் இருக்கும் விதித்தாளில் அப்படி எதுவும் இல்லை. கேரமில் கருப்பு பத்து, வெள்ளை இருபது, சிவப்பு ஐம்பது என்று எண்ணி வளர்ந்திருப்போம். சர்வதேச விதிப்படி ஒருவருக்கு வெள்ளை ஒன்பது, இன்னொருவருக்குக் கருப்பு ஒன்பது. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை ஒரு கேம். ராணிக்கு 3 புள்ளி, ஆனால் உங்கள் கணக்கு 22-ஐ எட்டிய பிறகு அந்த மூன்றும் சேராது. காட்டானில் யாருடைய முறையோ அவரோடுதான் பண்டமாற்று. ஓரத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடியாது. பகடையில் 7 விழும்போது கையில் ஏழுக்கு மேல் கார்டு இருந்தால் பாதியைத் தூக்கிப் போட வேண்டும். முதல் முறை சும்மா விட்டுவிடலாம் என்பதெல்லாம் வீட்டோடு சரி.

நம் பழைய ஆட்டங்களுக்கு யாராவது போட்டி வைத்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு என்பது பரவலான வழக்கம் என்றாலும் நுணுக்கங்கள் ஊருக்கு ஊர் மாறும். பல்லாங்குழியில் குழிக்கு எத்தனை சோழி என்பதிலேயே இரண்டு பாட்டிமார் ஒத்துப்போக மாட்டார்கள். நடத்துபவர் எழுதிக் கொடுத்த தாள்தான் அன்றைக்கு விதி. உட்காரும் முன் அதை வாங்கிப் படித்துவிடுங்கள்.

உட்கார்ந்ததும் எதிரில் இருப்பவரிடம் இதைச் சொல்லலாம்: “எனக்கு இது முதல் டோர்னமெண்ட். ஏதாவது தப்பா பண்ணா சொல்லுங்க.” கூச்சப்பட ஒன்றுமில்லை. அனுபவசாலிகள் இதைக் கேட்டதும் கொஞ்சம் நிதானமாகவே ஆடுவார்கள்.

சந்தேகமோ தகராறோ வந்தால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திக் கையைத் தூக்கி ஜட்ஜைக் கூப்பிடுங்கள். கார்டைத் திருப்பி எடுத்து, காயைப் பழைய இடத்தில் வைத்து நீங்களே சரிசெய்யப் போனால் என்ன நடந்தது என்று அவருக்கு விளங்காமல் போய்விடும். ஜட்ஜைக் கூப்பிடுவது எதிராளியைத் திருடன் என்று சொல்வதாகாது. நேரம் போனால் கூடுதல் நிமிடம் கேட்டுப் பெறலாம். முடிந்ததும் மதிப்பெண் சீட்டை இருவரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுந்திருங்கள்.

காசு வைத்து ஆட யாராவது கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அதற்கான இடம் அது இல்லை.

ரோல்ப்ளே மேசை

இங்கே வெற்றி தோல்வி கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார், நான்கைந்து பேர் அதில் ஆளுக்கொரு பாத்திரம். கன்வென்ஷனில் ஒரு அமர்வு பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம். பாத்திரங்களைத் தயாராக எழுதியே வைத்திருப்பார்கள். பகடை உங்களிடம் இல்லாவிட்டால் மேசையிலேயே இருக்கும்; நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை ஏழு பகடைகள் ஒரு செட். எந்த மொழியில் நடக்கும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் பேச்சு தமிழில் ஓடுகிற மேசைகள் கிடைக்கும், அதில் வருகிற வசனங்களின் ருசியே தனி. மேசை நடுவில் ‘எக்ஸ்’ போட்ட ஒரு அட்டை வைத்திருக்கலாம். கதை உங்களுக்கு ஒவ்வாத பக்கம் போனால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் நடத்துபவர் அந்தக் காட்சியைத் தாண்டிவிடுவார்.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு

பெட்டியின் மேல் போட்டிருக்கும் வயதை நம்பலாம். மூன்று மணி நேர டோர்னமெண்டில் எட்டு வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிட்டு நீங்கள் வேறு ஹாலுக்குப் போக வேண்டாம். நடத்துபவர்கள் பிள்ளை பார்த்துக்கொள்ள வரவில்லை. வண்ணம் தீட்டும் மேசை பிள்ளைகளுக்கு நல்ல இடம். நம் ஊர் ஈரத்தில் பெயிண்ட் காயக் கொஞ்சம் நேரமாகும், பையில் போடும் முன் தொட்டுப் பாருங்கள்.

வெளியே வந்த பிறகு

டோர்னமெண்ட் முடிந்தோ, தோற்றோ வெளியே வந்தால் லைப்ரரி பக்கம் போங்கள். சில இடங்களில் ‘ஆள் தேவை’ என்று மேசையில் சின்னப் பலகை வைத்திருப்பார்கள். பலகை இல்லாவிட்டாலும், பெட்டியைத் திறந்துவைத்துவிட்டு இரண்டு பேர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்கும் அதே அர்த்தம்தான். அப்போது ரவுண்டு இடைவெளியில் பேசிய முகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரக்கடைசியில் எந்தக் கஃபேயில், யார் வீட்டில் ஆட்டம் நடக்கிறது என்ற விவரமெல்லாம் இந்த மேசைகளில்தான் காதில் விழும்.

ஃபைனல் நடக்கும் மேசையைச் சுற்றி நின்று பார்க்கலாம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது, “ஐயோ, அதை வெக்காத!” என்ற ஒரு முனகலே ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

இரவு நேரமாகும் என்றால் மெட்ரோவின் கடைசி வண்டியை மனதில் வையுங்கள். வர்த்தக மையத்தில் நடந்தால் ஆலந்தூர் நிலையம் வரை ஆட்டோ பிடிக்க வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். லைப்ரரி பெட்டியைத் திருப்பிக் கொடுக்க அதற்கு அரை மணி முன்பே எழுந்துவிடுங்கள். காட்டான் என்றால் 19 நிலத் துண்டு, 95 வளக் கார்டு, 25 வளர்ச்சிக் கார்டு, இரண்டு பகடை. எண்ணிப் பார்த்துப் பெட்டியில் வைத்து, நாற்காலிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, கொடுத்த அடையாள அட்டையை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.